உப்புப் போட்ட ஐஸ்

இசபெல் மீனை நம்பியதில்லை. மீன் விற்கிறவனை அதைவிட நம்பியதில்லை. கடியபட்டணம் கடற்கரையில் சாளையைக் குவித்து ஏலம் போடும்போது மற்றப் பெண்கள் மேலே கிடப்பதைப் பார்த்து விலை கேட்பார்கள். இவள் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, அடியில் கிடக்கிற ஒன்றை உருவி எடுத்துச் செவுளைப் பிளந்து பார்ப்பாள். பிறகு பெருவிரலால் வயிற்றில் ஒரு அமுக்கு. அமுங்கிய இடம் உடனே எழும்பாவிட்டால் அது ஐஸில் விறைத்துப் பிறகு இளகிய மீன். அவளுடைய ஓலைக் கடவத்தில் அதற்கு இடம் கிடையாது.

அந்தக் கடவத்தைத் தலையில் சுமந்து இரணியல் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அவள் நெடுங்காலம் மீன் விற்றாள். இசபெல் மீன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அந்த வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அவர்கள் கண்ணை மூட முடிந்ததற்குக் காரணம் இவள் ஒருநாளும் மூடாததுதான்.

தொழிலில் இருந்த குணம் மெல்ல வீட்டுக்குள்ளும் ஏறிக்கொண்டது. புருஷன் உயிரோடிருந்த காலத்தில், கடலுக்குப் போய்த் திரும்பிய மனிதனிடம் மீன் பட்டதா என்று கேட்க மாட்டாள். இவ்வளவு நேரம் எங்கே கிடந்தீர் என்றுதான் கேட்பாள். கோவிலில் எல்லாரும் கண்ணை மூடிச் செபிக்கும்போது இவள் ஒரு கண்ணைப் பாதி திறந்து வைத்திருப்பாள். செருப்புகள் வெளியே கிடக்கின்றன அல்லவா? கழுத்தில் கட்டி வந்து, திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்து, நிணநீர்க் கட்டியில் புற்று என்று சொன்னபோதுகூட அவள் அழவில்லை. "நீங்க பாத்தது எனக்க சதைதானா?" என்று கேட்டாள்.

வீட்டில் இருந்தது அவளும் மருமகள் ஷீஜாவும்தான். மகன் டெல்வின் குவைத்தில். ஷீஜா திற்பரப்புப் பக்கம், ரப்பர் பால் வெட்டுகிற வீட்டுப் பெண். டெல்வின் படிக்கிற காலத்தில் பஸ்ஸில் பார்த்துப் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டு வந்தவள். சாளைக்கும் அயிலைக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தி தன் அடுப்படியில் நிற்பதை இசபெல்லால் கடைசிவரை செரிக்க முடியவில்லை. மகனை மக்கா என்பாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மக்கா என்பாள், வாசலில் வந்து நிற்கிற பூனைகூட அவளுக்கு மக்காதான். ஷீஜா மட்டும் ஏட்டி. ஆள் இல்லாத இடத்தில் மலைக்காரி.

நோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியபின் இசபெல்லுக்குச் சர்க்கரை ஏறியது. முன்பே கொஞ்சம் உண்டு. மருந்தோடு சேர்த்துக் கொடுத்த மாத்திரை அதைக் கிளப்பிவிட்டது. டாக்டர் இன்சுலின் ஊசி எழுதினார். ஆஸ்பத்திரியிலேயே ஷீஜா ஊசி போடக் கற்றுக்கொண்டாள். மருந்துக் குப்பி ஷீஜாவோடு சீதனமாக வந்த ஃபிரிட்ஜில், கதவுப் பக்கத்துத் தட்டில் இருந்தது. காலையும் மாலையும் அவள் குப்பியை எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டி, மாமியாரின் வயிற்றில் குத்துவாள். குத்துகிற கையையே இசபெல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மருந்து ஏற்றி முடிந்ததும் உடம்பு முழுவதையும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நோய் செத்துவிட்டதா, எங்கேயாவது ஒளிந்து கிடக்கிறதா என்று அதில்தான் தெரியும். அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு என்ன செய்வது என்று சொல்ல முடியும். படத்துக்கு முன்னால் சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். புற்று பசி பிடித்தது. மற்றச் சதையைவிட வேகமாக அதை விழுங்கும். விழுங்கிய இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். ஆனால் ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்து கிடந்தால், ஊசியில் போனதை அது சரியாக எடுக்காது. நோய் இருக்கும், படத்தில் தெரியாது.

இசபெல்லுக்கு இது ஒரே தடவையில் விளங்கிவிட்டது. "வயிறு நெறஞ்ச மீனு தூண்டிலக் கடிக்காது," என்றாள். டாக்டர் சிரித்து, அதேதான் என்றார். படம்கூடப் பொய் சொல்லும் என்று தெரிந்ததில் அவளுக்குப் பயம் வந்தது. கூடவே, தான் இதுநாள்வரை எதையும் நம்பாதது சரிதான் என்று ஒரு திருப்தியும் வந்தது.

முதல் தடவை போனபோது முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. ஷீஜாவோடு இரணியலில் விடிகாலை ரயிலேறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் விற்ற காப்பியின் வாசனைக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படம் எடுக்கிற இடத்தில் நர்ஸ் ரெஜிலா விரலில் குத்திப் பார்த்தாள். மார்த்தாண்டத்துக்காரி, நம் பேச்சு பேசுகிறவள். இருநூறுக்குக் கீழே இருக்க வேண்டிய சர்க்கரை இருநூற்று அறுபதைத் தாண்டியிருந்தது. தண்ணீர் குடிக்கச் சொல்லிக் காத்திருக்க வைத்தார்கள், இறங்கவில்லை. அப்படியானால் உடனே ஒரு ஊசி போட்டு இறக்கிவிட்டுப் படம் எடுக்கக் கூடாதா என்று ஷீஜா கேட்டாள். அப்படிச் செய்தால் ஏற்றுகிற மருந்தைச் சதையெல்லாம் இழுத்துக்கொள்ளும், அதுவும் படத்தைக் கெடுக்கும் என்றாள் ரெஜிலா. இன்சுலின் அளவைக் கூட்டி எழுதிக்கொடுத்து, வேறொரு நாள் சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வருகிற ரயிலில் இசபெல் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். அவள் கணக்கு எளிய கணக்கு. நான் எதுவும் தின்னவில்லை. ஆனாலும் சர்க்கரை கூடியிருக்கிறது. அப்படியானால் யாரோ கூட்டியிருக்கிறார்கள். வீட்டில் தன்னை விட்டால் ஒரே ஒரு ஆள்தான்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள். ஷீஜா ஆற்றிக் கொடுத்த சீனியில்லாக் காப்பியை முதலில் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். கேழ்வரகுக் கூழில் இனிப்பு இருப்பதாகத் தோன்றும். கேழ்வரகில் என்ன இனிப்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, தோன்றும், அவ்வளவுதான். கடைசியில் தன் கஞ்சியைத் தானே வைத்துக்கொண்டாள். ஷீஜா கிணற்றடியில் போய் நின்று போனில் தாழ்ந்த குரலில் பேசுவதையும், தான் பின்வாசலுக்கு வந்தால் பேச்சை முறித்துக்கொள்வதையும் கவனித்தாள். மடியில் கனம் இல்லாதவளுக்கு வழியில் என்ன பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் அந்த எண்ணம் வந்தது. ஊசியில் ஏறுவது மருந்துதானா, வெறும் தண்ணீரா? பாலில் தண்ணீர் கலக்கிற உலகத்தில் மருந்தில் கலக்க எவ்வளவு நேரமாகும்? குப்பி இருப்பது மருமகளின் ஃபிரிட்ஜில். உறிஞ்சுவது மருமகள். நம்பி வயிற்றைக் காட்டுவது தான்.

டெல்வினைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு கோபப்பட்டான், கடைசியில் இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லத் தெரியாமல் போனை வைத்தான். ஷீஜாவிடம் என்ன கேட்டானோ, அன்று அவள் கண் சிவந்து கிடந்தது. இசபெல்லிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததையும் இசபெல் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

புதிதாக வாங்கிய குப்பியை அவள் ஃபிரிட்ஜுக்குப் போக விடவில்லை. அலைந்து விற்க உடம்பு இடம் கொடுக்காததால் இசபெல் அப்போது வீட்டு வாசலிலேயே தெர்மாக்கோல் பெட்டி வைத்துக் கொஞ்சம் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அது போக இன்னொரு சின்னப் பெட்டி அவள் அறையில் இருந்தது. அதில் ஐஸை உடைத்துப் போட்டு, மேலே கல்லுப்பைத் தூவி, குப்பியைப் பாலித்தீன் கவரில் சுற்றி அடியில் புதைத்தாள். உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இன்னும் கடுமையாகும் என்பது கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மருந்தைக் குளிர்ச்சியில் வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருந்தார்கள். கரண்டு போனால் ஃபிரிட்ஜ் வெறும் அலமாரி. தன் பெட்டி அப்படி இல்லை. குளிர் எவ்வளவு கூடுதலோ மருந்துக்கு அவ்வளவு பத்திரம் என்று அவள் நினைத்ததில் ஒரு மீன்காரிக்கு உரிய நியாயம் இருந்தது.

ஊசியும் தானே போடத் தொடங்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு, குப்பியை எடுத்து, அது விறைத்து இருந்தால் இடுப்பில் சொருகி வைத்து இளகவிடுவாள். பிறகு குத்திக்கொள்வாள். ஷீஜா கதவுக்கு வெளியே நின்று, "மாமி, மருந்த எங்க வச்சிருக்கீங்க? ஒருதரம் காட்டுங்க," என்று பல தடவை கேட்டுப் பார்த்தாள். "பத்திரமா இருக்கு, நீ போ ஏட்டி," என்பதுதான் பதில். இவ்வளவு துடிக்கிறாளே, எதற்காம் என்று உள்ளே இருந்தவள் நினைத்தாள். கலக்க முடியாத ஆத்திரம்.

இரண்டாவது தடவை போகும்போது இசபெல் நிமிர்ந்து நடந்தாள். குப்பியைக் கையோடு கொண்டுபோனாள்: ஒரு தூக்குவாளிக்குள் உப்புப் போட்ட ஐஸ், ஐஸுக்குள் குப்பி. சர்க்கரை இறங்கியிருக்கும், மருமகளின் குட்டு உடையும் என்பது அவள் எதிர்பார்ப்பு. ரெஜிலா விரலில் குத்தினாள். மெஷினைப் பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தினாள். முந்நூற்றுக்கும் மேலே.

அளவைக் கூட்டிக் கொடுத்தும் சர்க்கரை ஏறுவது எப்படி என்று ரெஜிலாவுக்குப் பிடிபடவில்லை. ஷீஜாவைப் பார்த்து, இரண்டு நாளைக்கு ஒருதரம் எனக்குப் போன் பண்ணுகிற ஷீஜா நீதானே, என்னென்ன சாப்பாடு, எந்த ஊசி எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்டு எழுதினாயே, அதன்படி நடக்கவில்லையா என்று கேட்டாள். கிணற்றடிப் போன் யாருக்கு என்று இசபெல்லுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் தெரிந்ததை வைத்து என்ன செய்வது என்று யோசிக்க அவள் நிற்கவில்லை. முன்கூட்டி முடிவு செய்து வந்ததைச் செய்தாள். தூக்குவாளியை மேசைமேல் வைத்துத் திறந்தாள்.

"இதுல ஆராவது வெள்ளம் கலந்திருக்காண்ணு பாருங்க," என்றாள். "பழைய குப்பியில கலந்திருந்து. இது எனக்க கையில இருந்ததாக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்."

ஷீஜா தரையைப் பார்த்தாள். ரெஜிலா ஐஸைக் கிளறிக் குப்பியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். உள்ளே மருந்து பாதி கட்டியாக, ஊசி ஊசியாக நின்றது. அவள் அதைக் கொஞ்ச நேரம் கைக்குள் வைத்திருந்து மறுபடி பிடித்தாள். இளகிய மருந்தில் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. வாளியிலிருந்த ஐஸில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தவள், உப்பா என்றாள்.

"உறஞ்சு போச்சு. இன்சுலின் குளிர்ல இருக்கணும், ஆனா உறையப்பிடாது. ஒருதரம் உறஞ்சா மருந்து செத்துப்போவும். பெறவு நீங்க குத்துனது வெறும் வெள்ளமாக்கும்."

ரெஜிலாவின் கண் ஷீஜாமேல் திரும்பியது. வயசான அம்மாவுக்குத் தெரியாது, படித்த பிள்ளை நீ பார்த்திருக்க வேண்டாமா என்று கடுமையாகக் கேட்டாள். இசபெல் காத்திருந்தாள். இப்போது சொல்வாள், கதவைச் சாத்திக்கொண்டதையும் பெட்டியையும் சொல்வாள், இந்த அறையிலேயே தன் மானத்தை வாங்குவாள். ஷீஜா, இனி பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள். இசபெல் அன்று வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

ஐஸில் விறைத்து இளகிய மீனைப் பெருவிரல் ஒன்றால் கண்டுபிடிக்கிறவள். விறைத்து இளகிய மருந்தை இத்தனை நாள் தன் வயிற்றிலேயே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாரையும் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று சொல்லித் திரிந்தவள், திரும்புகிற ரயில் நெய்யாற்றங்கரை தாண்டியதும் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஏன்ட்டி நீ சொல்லல்ல?" என்று கடைசியில் கேட்டாள்.

ஷீஜா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "சொல்லியிருந்தா அடுத்த குப்பிய எங்கிட்டத் தருவீங்களா மாமி?" என்றாள். "உங்களுக்கு அந்தப் படம் எடுக்கணும். அதாக்கும் வேண்டியது."

இசபெல் இதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளர்ந்த குணம் ஒருநாளில் போகுமா? இவள் இதை எதற்கோ சேர்த்து வைக்கிறாள், டெல்வின் வரும்போது எடுத்து வைப்பாள் என்று ஒரு மனம் சொன்னது. ஆனாலும் புதுக் குப்பி மறுபடி ஃபிரிட்ஜின் கதவுத் தட்டுக்குப் போனது. ஒவ்வொரு வேளையும் ஊசி போடுமுன் ஷீஜா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டுவாள். இசபெல் கண்ணைச் சுருக்கி, துணுக்கு மிதக்கிறதா என்று பார்த்துத் தலையாட்டுவாள். அப்படி ஒரு ஒப்பந்தம் அவர்களுக்குள் பேசாமலே ஏற்பட்டது. சர்க்கரை படிப்படியாக இறங்கியது.

மூன்றாவது தடவை, படத்துக்கு முந்தின நாள் மாலை ஊசி போட வேண்டும், மறுநாள் காலை போடக் கூடாது என்று ரெஜிலா சொல்லியிருந்தாள். நேற்றுப் போடு, இன்று போடாதே என்றால் என்ன அர்த்தம் என்று இசபெல்லுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். விரலில் குத்திப் பார்த்தபோது நூற்று நாற்பதுதான் இருந்தது. மருந்தை ஏற்றி, ஒரு மணி நேரம் அசையாமல் பேசாமல் இருக்கச் சொல்லித் தனி அறையில் சாய்த்துவிட்டார்கள். பேசினால் தொண்டைச் சதையும் அந்த மருந்தை இழுத்துக்கொள்ளுமாம். இசபெல் தன் ஆயுசில் அவ்வளவு நேரம் யாரையும் குறை சொல்லாமல் இருந்தது அன்றுதான்.

படத்தை டாக்டர் கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பிக் காட்டினார். மூளையும் மூத்திரப்பையும் வெளிச்சமாகத் தெரிந்தன. அது எல்லாருக்கும் அப்படித்தான், பயப்பட வேண்டாம் என்றார். கழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, பயறு அளவுக்கு ஒரு வெளிச்சம் இருந்தது. நோய் முழுசாகப் போகவில்லை, வேறு மருந்து தொடங்க வேண்டும் என்றார். பிறகு பழைய தாள்களைப் புரட்டி, முதலில் குறித்த தேதி எப்போதோ போய்விட்டதே, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். கேள்வி ஷீஜாவைப் பார்த்துத்தான் வந்தது. எப்போதும் அவளைப் பார்த்துத்தான் வரும்.

சர்க்கரை கூடுதலாக இருந்தது என்று ஷீஜா தொடங்கினாள். இசபெல் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நானாக்கும் டாக்டர். இவ மருந்துல வெள்ளம் கலக்குறாண்ணு நெனச்சி, நான் அத எடுத்து மீன்பெட்டியில ஐஸுக்குள்ள வச்சேன். அது உறஞ்சு கெட்டுப்போச்சு. இவ ஒரு குத்தமும் செய்யல்ல. ஏச்சும் இவதான் கேட்டா."

சொல்லி முடித்ததும் குரல் இறங்கிவிட்டது. "மொதல்ல சொன்ன நாள்ல எடுத்திருந்தா, இது அப்பமே தெரிஞ்சிருக்குமா? இல்ல, அப்பம் இது அங்க இல்லாமலே இருந்திருக்குமா?"

டாக்டர் யோசித்தார். அப்போதே இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், இனி அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை. அந்த மனிதர் சொன்னதை இசபெல் அப்படியே நம்பினாள். நம்புவது இவ்வளவு வலிக்கும் என்று அவளுக்கு முன்பு தெரியாது. எந்தக் கேட்டுக்கும் கை நீட்ட ஒரு ஆள் எப்போதும் அவளுக்குக் கிடைத்திருக்கிறது; இந்தப் பயறளவு வெளிச்சத்துக்குக் கை நீட்டத் தன்னைத் தவிர ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. அறையிலிருந்த சின்னத் தெர்மாக்கோல் பெட்டியை இசபெல் எடுத்துப்போய்க் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தாள். ஊசி நேரம் வந்தது. ஷீஜா ஃபிரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, வழக்கம்போல வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"காட்டாண்டாம்," என்றாள் இசபெல். "குத்து, மக்கா."

ஷீஜா குப்பியை இறக்கி, ஊசியில் மருந்தை உறிஞ்சிக் குத்தினாள். அது இறங்கி முடியும்வரை இசபெல் கண்ணைத் திறக்கவில்லை.